தெருவுக்கு ஒரு காவலன்

"நான் என்ன குறை வெச்சேன் தாயே? தெருவுக்கு ஒரு ஆள் போட்டிருக்கேன். எந்தத் தெருவுக்கும் கூட்டலை, குறைக்கலை."

ஊர்க்காவல் முழுக்கக் கொத்தவால் இருளப்பரின் பொறுப்பு. அன்று அவர் தன் குருவின் குடிசைக்கு வந்து புலம்பினார். காலையில் உப்புச்சந்தில் இன்னொரு வியாபாரி குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தான். அவன் மனைவி கொத்தவால் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். இருட்டினால் அடுத்து யாரோ?

குரு நாச்சியம்மை அவரைவிட வயதில் இளையவள். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"எல்லாம் உப்புச்சந்துலதானா?"

"அனேகமா அங்கேதான். அங்கேயும் ஒருத்தன் நிக்கிறான். எல்லாத் தெருவும் காவலுக்குக் கூலியா நெல் அளக்குது தாயே. அந்தச் சந்துக்கு மட்டும் ஆளைக் குவிச்சா மத்தவங்க சும்மா விடுவாங்களா?"

நாச்சியம்மை கண்ணால் சுவரைக் காட்டினாள்.

சுவரடிப் பொந்துக்குள் ஒரு பாம்பின் வால் நுழைந்து மறைந்தது.

இருளப்பர் துள்ளி எழுந்தார். தடியை ஓங்கிக்கொண்டு பொந்துக்கு எதிரே நின்றார். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

"குடிசைக்கு நாலு சுவர் இருக்கே கொத்தவாலே. ஒவ்வொண்ணுகிட்டயும் கொஞ்ச நேரம் நில்லும். மத்த சுவரெல்லாம் கோவிச்சுக்கப் போவுது."

"விளையாடுற நேரமா இது? பாம்பு இங்கேல்ல இருக்கு."

"நீர் இங்கே நின்னா அது வேற பொந்துக்குப் போயிடாதா?"

"போனா அங்கே திரும்பிக்கறேன். அதுக்காக இதை விட்டுட்டு நிக்கச் சொல்றீங்களா?"

சொல்லி முடித்ததும் அவர் கை தானாகத் தாழ்ந்தது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மற்றத் தெரு ஆளை எடுத்து உப்புச்சந்தில் நிறுத்தினால் பெரிய வீட்டுக்காரர்கள் அரண்மனை வரை புகார் கொண்டு போவார்கள்.

நாச்சியம்மை எழுந்து வந்து தடியை வாங்கிக்கொண்டாள். பொந்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"இதை நான் பார்த்துக்கறேன். பொழுது சாயுது. முதல்ல எந்தத் தெரு ஆளை எடுப்பீர்?"

இருளப்பர் வாசல்வரை போய் நின்றார். ஒரு கோழிகூடக் களவு போகாத தெரு ஒன்று அவர் நினைவுக்கு வந்தது.

"என் வீட்டு வாசல்ல நிக்கிறவனை" என்றார்.