வாசல் பெருத்த பெருச்சாளி வீடு

மலைச்சரிவில் ஒரு பெருச்சாளி இருந்தது. அதன் பெயர் உருட்டன். அந்தச் சரிவிலேயே அதிக வாசல் உள்ள வளை உருட்டனுடையதுதான்.

பெருச்சாளிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பாம்பிடமிருந்து ஒரு முறை தப்பித்தால், வளையில் ஒரு புது வாசல் தோண்ட வேண்டும். யாருக்கு வாசல் அதிகமோ அவருக்கே கௌரவம் அதிகம். உருட்டன் கொஞ்சம் புளுகன். கொடி அசைந்தால்கூடப் "பாம்பு! பாம்பு!" என்று கத்திவிட்டு வந்து, மார்தட்டிக்கொண்டு ஒரு வாசல் தோண்டிவிடும். வளை சல்லடையாகிவிட்டது.

மார்கழி வந்தது. வாடைக்காற்றும் வந்தது. காலையில் பார்த்தால் புல்லெல்லாம் உறைபனி! அந்த நேரம் பார்த்து உருட்டனின் மனைவி செவ்வந்தி குட்டிகள் போட்டிருந்தது. ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை, மேலில் முடியும் இல்லை. குளிரில் அவை விறைத்து விறைத்துப் போயின. கடைக்குட்டி பால் குடிக்கவும் வாய் திறக்க மாட்டேன் என்றது.

"ஏங்க, புள்ளைங்க நடுங்குதுங்க! ஏதாவது பண்ணுங்க!" என்று அழுதது செவ்வந்தி.

"நானிருக்கப் பயமேன்!" என்று வெளியே ஓடியது உருட்டன்.

வெளியே ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் வாலாண்டி. ஊசி முனையளவு இடம் கிடைத்தாலும் அங்கே வியாபாரம் பண்ணிவிடும் ஆசாமி.

"என்ன மாமா, குளிரா? சூடு வேணுமா, சூடு? பகலெல்லாம் பாறையில வெயில் காஞ்ச கருங்கல்லு! ஒரு கல்லுக்கு ஒரு கிழங்கு. எடுத்துட்டு வந்து உள்ளயே வச்சுடுவேன்!"

"கொண்டா, கொண்டா!" என்றது உருட்டன்.

குரங்கு பாக்குமட்டையில் ஒரு கல்லை ஏந்தி வந்து உள்ளே தள்ளியது. ஆகா! தொட்டால் கதகதவென்று இருந்தது. குட்டிகள் அதை ஒட்டிக்கொண்டன. கடைக்குட்டிகூட வாயைத் திறந்தது. உருட்டனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அந்தி மங்குவதற்குள் கல் ஆறிவிட்டது. இன்னொரு கல் வாங்கினார்கள். அதுவும் ஆறிவிட்டது. மறுநாளும் அதே கதை. பாவம், கிழங்குக் குவியல்தான் இளைத்துக்கொண்டே வந்தது. மாசி பிறந்தால்தான் மலையில் புதுக் கிழங்கு விளையும். அதுவரை குடும்பம் அந்தக் குவியலைத்தான் நம்பியிருந்தது.

செவ்வந்தி அதைப் பார்த்துப் பதறியது. "இப்படியே போனா பொங்கலுக்கு முன்னாடி நாம பட்டினிதான்! குளிரும் போகல, கிழங்குதான் போகுது!"

உருட்டன் குரங்கிடம் போய்க் கேட்டது. "என்னப்பா வாலாண்டி, உன் கல்லு சீக்கிரம் ஆறிடுதே?"

"சின்னக் கல்லுன்னா ஆறத்தான் செய்யும் மாமா! பெரிய கல்லாப் போட்டுடலாம். ஆனா உங்க தலைவாசல்ல அது நுழையாதே. கொஞ்சம் அகலமாத் தோண்டி வையுங்க!"

சூடு வேண்டும் என்பதற்காக வாசலைப் பெரிதாக்கச் சொல்கிறது குரங்கு! கேட்கிறவருக்கு மதி வேண்டாமா? உருட்டனுக்கு இல்லை. மண்ணைப் பறபறவென்று பறித்துத் தள்ளியது. வடக்குப் பார்த்த தலைவாசல் அகலமாக, இன்னும் அகலமாக ஆனது. வாடைக்காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

"உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று கத்தியது செவ்வந்தி. "குளிருக்கு வெத்திலை பாக்கு வச்சு அழைக்கிறீங்களே!"

"நீ சும்மா இரு! நாளைக்குப் பெரிய கல்லு வந்ததும் பாரு, வேர்த்து ஒழுகப் போறே!"

மறுநாள் வானம் முழுக்க மேகம். வெயில் எட்டியே பார்க்கவில்லை. பகலிலேயே மூக்கு நுனி உறைந்தது. அன்றைக்கு விழப்போகும் பனி பெரும்பனி என்று சரிவில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் குரங்கு ஒரு பெரிய கல்லை உருட்டிக்கொண்டு வந்தது. "முதல்ல கிழங்கு!" என்றது. உருட்டன் குவியலில் இருந்ததையெல்லாம் வெளியே தள்ளியது. செவ்வந்தி ஒரே ஒரு வள்ளிக்கிழங்கை வயிற்றுக்கடியில் மறைத்துக்கொண்டு, "இதுக்கு மேல தரமாட்டேன்! என்னைக் கொன்னாலும் தரமாட்டேன்!" என்று சீறியது.

குரங்கு கல்லைக் காலால் உந்தியது. கல் உருண்டது. தலைவாசலுக்குள் பாதி போனது. டொக்! அப்படியே சிக்கிக்கொண்டது.

உருட்டன் உள்ளிருந்து இழுத்தது. வரவில்லை. குரங்கு வெளியிலிருந்து தள்ளியது. நகரவில்லை. உருட்டன் கல்லைத் தொட்டுப் பார்த்தது. வெயிலே இல்லாத நாளில் அது எப்படிச் சுடும்? ஜில்லென்று இருந்தது.

"அட பாவி! இது பச்சைத் தண்ணி மாதிரி இருக்கே! என் கிழங்கைத் திருப்பிக் குடு!"

"குடுத்த கிழங்கு குடுத்ததுதான் மாமா!" என்று சொல்லிவிட்டுக் குரங்கு கிழங்கையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு மரத்தில் தாவி மறைந்தது.

உருட்டனுக்கு அழுகை வந்துவிட்டது. "என் புள்ளைங்களை நானே கொன்னுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டது.  செவ்வந்தி குட்டிகளைத் தன் வயிற்றுக்கடியில் வாரிப்போட்டுக்கொண்டு சுருண்டு படுத்தது.

கொஞ்ச நேரம் போனது. செவ்வந்தி சட்டென்று தலை தூக்கியது.

"ஏங்க! என் மீசையைப் பாருங்க!"

"இப்பவா மீசை பார்க்கிற நேரம்?"

"ஐயோ, பாருங்கன்னா! ஆடலை! இத்தனை நாளா மீசை ஆடிக்கிட்டே இருந்துச்சு. இப்ப ஆடலை! காத்து நின்னுடுச்சு!"

உருட்டன் தன் மீசையைத் தலைவாசல் பக்கம் நீட்டியது. அசைவில்லை. ஜில்லென்ற கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்தும் உடம்பு கதகதப்பாக இருந்தது!

"கல்லு சுடலை. ஆனா வீடு சுடுதே! இது என்ன மாயம்?"

"மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை! நம்ம உடம்புச் சூடே நமக்குப் போதும். அது இத்தனை நாளா வாசல் வழியா வெளியே ஓடிக்கிட்டிருந்துச்சு. இப்ப இந்தக் கல்லு தலைவாசலை அடைச்சுக்கிச்சு! விழலுக்கு இறைச்ச தண்ணி மாதிரி நாம கிழங்கைக் கொட்டினோம்! எழுந்திரிங்க! மிச்ச வாசலையும் அடைப்போம்!"

உருட்டன் தயங்கியது. "வாசலை அடைக்கிறது நம்ம குலத்துக்கு ஆகாதே! பாம்பு வந்தா எப்படித் தப்பிக்கிறது?"

"மண்ணால அடைச்சாத்தானே மாட்டிக்குவோம்? பாசியும் காய்ஞ்ச புல்லும் வச்சு அடைப்போம். தலையால முட்டினா திறந்துக்கும்!"

அவ்வளவுதான்! ரெண்டும் ஓடின. செவ்வந்தி ஒவ்வொரு சுவரிலும் மீசையை வைத்துப் பார்த்தது. மீசை ஆடிய இடத்தில் "இங்க!" என்று கத்தியது. உருட்டன் பாசியைக் கவ்வி வந்து திணித்தது. "இங்க! அதோ, அங்கயும்! அந்தப் பொந்தை விட்டுட்டீங்களே!" சந்தேகம் தீராமல் உருட்டன் ஓர் அடைப்பை முட்டிப் பார்த்தது. பொதுக்கென்று தலை வெளியே போனது. பாசியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு திரும்பி வந்ததைப் பார்த்து, செவ்வந்தி பல நாளைக்கப்புறம் சிரித்தது.

பனி கொட்டியது. சரிவெல்லாம் வெள்ளையாகிவிட்டது. விடிந்தபோது உள்ளே குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் புரண்டுகொண்டிருந்தன. கடைக்குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது. உருட்டன் அதை நக்கி நக்கி மகிழ்ந்தது.

வெயில் ஏறியதும் குரங்கு வந்தது. எல்லோரும் விறைத்துக் கிடப்பார்கள், இன்னும் ஏதாவது கறக்கலாம் என்று நினைப்பு.

"மாமா! அந்தக் கல்லை எடுத்துத் தரட்டுமா? ஒரே ஒரு கிழங்கு போதும்!"

உள்ளிருந்து உருட்டனின் குரல் வந்தது. "கையை வைக்காதே! அதுதான் எங்க வீட்டுக் கதவு!"

"அப்ப இன்னைக்குச் சூடு வேண்டாமா?"

"வேண்டாம்! எங்க சூடு எங்ககிட்டயே இருக்கு!"

குரங்குக்கு ஆத்திரம் பொங்கியது. பக்கத்து வாசலில் இருந்த பாசியைப் பிடுங்கக் கையை உள்ளே விட்டது. உருட்டன் விட்டுவிடுமா? விரலை நறுக்கென்று கடித்தது.

"ஐயோ! ஐயய்யோ!" என்று குரங்கு போட்ட கூச்சலில் சரிவில் இருந்த எலி, மூஞ்சூறு எல்லாம் வெளியே ஓடி வந்தன. "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று கேட்டன. செவ்வந்தி நடந்ததைச் சொன்னது. அன்று மாலைக்குள் அந்தச் சரிவில் ஒரு கைப்பிடிப் பாசி மிச்சமில்லை! கல் வாங்க ஓர் ஆள்கூட இல்லை.

வீடு கதகதப்பாக இருந்ததால் பசியும் பாதியாகக் குறைந்தது. பகலில் உருட்டன் பொறுக்கி வந்த விதையும், செவ்வந்தி மறைத்து வைத்த அந்த ஒற்றை வள்ளிக்கிழங்கும் போதுமானவையாக இருந்தன. மாசி பிறந்து முதல் கிழங்கு விளைந்தபோது குட்டிகள் அத்தனையும் தாமே ஓடிப் போய்த் தோண்டித் தின்றன.

வெளியிலிருந்து சூடு வாங்குவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் சூடு வெளியேறும் ஓட்டையை அடை. அடைக்காதவன் எவ்வளவு செலவழித்தாலும் ஊரைத்தான் சூடாக்குவான்.