நடுவில் ஒரு சிவப்பு நாற்காலி

கிறிசோஸ்தத்துக்கு ஐஸ் ஆலையில் வேலை. நாள் முழுக்கப் பனிக்கட்டியோடு புழங்குகிற மனிதர். ஆனாலும் மூன்று வாரமாக அவர் தலை கொதித்துக்கொண்டே இருந்தது.

காரணம் ஒரு கல்யாணம். அவருடைய கல்யாணம் இல்லை. அது நடந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது, அதில் பெரிய புகார் ஒன்றும் கிடையாது. பாறைவிளை கால்பந்து அணியின் கேப்டன் பெர்க்மான்ஸின் கல்யாணம். அந்த அணிக்கு கிறிசோஸ்தம்தான் ஒன்பது வருஷமாகக் கோச்.

பதினான்கு வருஷம் மைதானத்தின் நடுவில் நின்று அணியை நடத்தியவன் பெர்க்மான்ஸ். பந்து யார் காலுக்கு வந்தாலும் அடுத்தது அவன் காலுக்குத்தான் போகும். அங்கிருந்து எந்தப் பக்கம், எப்போது, யாருக்கு என்பதெல்லாம் அவன் பாடு. மற்றவர்கள் ஓடினால் போதும். முப்பத்தாறு வயதில் ஒருவழியாக அவனுக்குப் பெண் அமைந்தது. பெண் அடுத்த கடற்கரை ஊரான சிப்பித்துறையில் ஒரே மகள். மாப்பிள்ளை பெட்டி படுக்கையோடு அங்கேயே குடியேறினான். சிப்பித்துறைக்காரர்கள் விருந்து வைத்த கையோடு அவனுக்கு ஒரு ஜெர்சியையும் மாட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு ஊருக்கும் ஒரு நட்பு ஆட்டம் நடந்தது. பாறைவிளை நான்கு கோல் வாங்கியது. அதில் மூன்று கோலுக்கான பந்தைப் பாறைவிளைக்காரர்களே கொண்டுபோய் பெர்க்மான்ஸின் காலில் வைத்தார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பதினான்கு வருஷப் பழக்கத்தில் நிமிர்ந்து பார்க்காமல் தட்டினார்கள். பந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. அங்கே அவன் நின்றான். சட்டையின் நிறம்தான் வேறு. ஒவ்வொரு முறையும் "மன்னிச்சிருங்க மக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் பந்தை ஓட்டிக்கொண்டு போனான். அந்த மரியாதைதான் எல்லாரையும் கூடுதலாக எரித்தது.

இப்போது திருவிழாக் கோப்பையின் அரையிறுதி. வருகிற ஞாயிற்றுக்கிழமை, மறுபடி அதே சிப்பித்துறை. ஊர்க் கமிட்டி கிறிசோஸ்தத்தைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லிவிட்டது. இதிலும் தோற்றால் திருவனந்தபுரத்திலிருந்து வேறு கோச் வருவார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் டெல்பின் டீச்சரைத் தேடிப் போனார்.

டீச்சர் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கிறிசோஸ்தத்தைவிடப் பதினான்கு வயது இளையவர். ஐந்து வருஷத்துக்கு முன்பு டீச்சரின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு விளையாட்டாக ஓர் ஆட்டம் ஆடி, பாறைவிளையின் பெரிய ஆண்கள் மூன்று கோலில் தோற்றார்கள். அன்றே கிறிசோஸ்தம் டீச்சரிடம் சிஷ்யராகச் சேர்ந்துவிட்டார். ஊரில் சிலர் மீசைக்குள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்த ஆட்டத்தில் ஆடியவர்கள் என்பதால் சத்தமாகச் சிரிக்கவில்லை.

"டீச்சர், ரெண்டு பேரு இருக்கான். ஜெரால்டுக்கு நல்ல கால். ஷைனுக்கு நல்ல மூளை. பெர்க்மான்ஸ் இடத்துல யாரை நிறுத்தணும்?"

"அன்னைக்கு ஆட்டத்துல நீங்க எங்க நின்னிய?"

"கோட்டுக்கு வெளியே. வழக்கம்போல."

"என்ன கத்துனிய?"

கிறிசோஸ்தத்துக்குக் காது மடல் சிவந்தது.

"பரவால்ல, சொல்லுங்கண்ணே."

"பெர்க்மான்ஸுக்குக் குடுலேன்னு கத்துனேன்."

"எத்தன வாட்டி?"

"ரெண்டு... மூணு வாட்டி இருக்கும்."

டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கிறிசோஸ்தத்துக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

"சிரிங்க டீச்சர். ஆனா ஒண்ணு. இந்த டீம் போச்சுன்னா, எனக்குக் காலைல ஐஸு, ராத்திரி வீடு. நடுவுல ஒண்ணுமில்ல. அதான் பயமா இருக்கு."

டீச்சர் சிரிப்பை நிறுத்தினார்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு வாரேன். கோயில் ஹால்ல இருந்து ஒரு சேர் எடுத்துட்டு வாங்க."

"உக்காரவா?"

"எடுத்துட்டு வாங்க."

மறுநாள் கிறிசோஸ்தம் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கடற்கரை மைதானத்துக்கு வந்தார். டீச்சர் அதை வாங்கி, பெர்க்மான்ஸ் வழக்கமாக நிற்கும் இடத்தில், மணலில் அழுத்திப் போட்டார். யாருக்கும் எதுவும் விளக்கவில்லை.

"ஆடுங்க."

பத்து நிமிஷத்தில் பந்து பதினொரு முறை நாற்காலியில் போய் மோதியது. முதல் மூன்று முறை யாரும் கவனிக்கவில்லை. நான்காவது முறை ஒருவன் சிரித்தான். ஏழாவது முறை ஆட்டமே நின்றது. ஆளுக்கு ஒரு பக்கம் மணலில் விழுந்து சிரித்தார்கள்.

"சார், பெர்க்மான்ஸ் அண்ணனவிட இது நல்லா நிக்குது!" என்றான் ஷைன். "கோவமே படல்ல பாருங்க."

"கேப்டன் பட்டைய அதுக்கே கட்டிவிடுங்க சார்" என்றான் கோல்கீப்பர் ஆல்வின்.

ஜெரால்டு மட்டும் சிரிக்கவில்லை. பதினொன்றில் ஐந்து அவன் அடித்தது.

கிறிசோஸ்தம் டீச்சர் பக்கத்தில் போய் நின்றார். "புரிஞ்சுது டீச்சர். அந்த இடத்துக்கு ஆள் வேணும். அப்போ ஜெரால்டா, ஷைனா?"

"நாளைக்கும் சேர் வேணும்" என்றார் டீச்சர்.

புதன்கிழமை நாற்காலி அதே இடத்தில் இருந்தது. ஆட்டம் சூடு பிடித்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே நடந்து போனார். நாற்காலியைத் தூக்கி, இடது மூலைக் கொடிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். விசில் கூட ஊதவில்லை.

பந்து பழைய இடத்துக்கே போயிற்று. தடுக்க ஆளும் இல்லை, நாற்காலியும் இல்லை. நேராகக் கடலுக்கு உருண்டது. ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தான். மறுபடி ஆடினார்கள். பந்து மறுபடி கடலுக்குப் போயிற்று. நான்காவது முறை நனைந்தபோதுதான் அவன் கேட்டான்.

"சேர் எங்க?"

பதினோரு பேரும் நிமிர்ந்தார்கள். பதினோரு பேரும் தேடினார்கள். கிறிசோஸ்தமும் தேடினார். டீச்சர் தூக்கிக்கொண்டு போனது அவர் கண்ணெதிரேதான். அவரும் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

இந்த முறை ஜெரால்டுதான் முதலில் சிரித்தான்.

வியாழக்கிழமை டீச்சர் ஒரே ஒரு விதி சொன்னார். பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் நாற்காலி எங்கே இருக்கிறது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாதவன் கடல்வரை ஓடிப்போய்க் காலை நனைத்துவிட்டு வர வேண்டும். நாற்காலியை இடம் மாற்றிக்கொண்டே இருப்பது கிறிசோஸ்தத்தின் வேலை.

ஐம்பத்திரண்டு வயதுக் கோச் தலையில் நாற்காலியோடு மைதானம் முழுக்க ஓடினார். "மூலையில!" "கோலுக்குப் பின்னால!" "சார் தலையில!" என்று சத்தம் கடற்கரை முழுக்கக் கேட்டது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் பைக்கை நிறுத்திப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு போனார்.

முதல் நாள் எல்லார் காலும் ஈரம். வெள்ளிக்கிழமை பாதிப் பேர் கால் காய்ந்திருந்தது. சனிக்கிழமை கடலுக்குப் போனவர் கிறிசோஸ்தம் மட்டும்தான். வியர்வை தாங்கவில்லை.

ஞாயிறு நான்கு மணி. இரண்டு ஊரும் திரண்டிருந்தது. கிறிசோஸ்தத்தின் சட்டைப் பையில் கேப்டன் பட்டை இருந்தது. யாருக்குக் கட்டுவது என்று அவர் இன்னும் முடிவு பண்ணவில்லை. நடுவர் வந்து, "கேப்டன் யாருங்க?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவன் கோல்கீப்பர் ஆல்வின். அவன் கையிலேயே கட்டிவிட்டார். ஆல்வின் தன் கையைத் தானே நம்பாமல் பார்த்துக்கொண்டு போனான்.

ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிஷம், பெர்க்மான்ஸ் தன் பழைய இடத்தில் நின்று, பழைய பழக்கத்தில், இரண்டு முறை கைதட்டினான். பந்து கேட்கும்போது அவன் எப்போதும் அப்படித்தான் தட்டுவான். பந்து ஜெரால்டிடம் இருந்தது. அவன் கால் தானாக உயர்ந்தது.

ஜெரால்டு காலை இறக்கினான். நிமிர்ந்தான். பெர்க்மான்ஸைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, பந்தை மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தவனுக்குத் தட்டினான்.

இடைவேளையில் ஆளுக்கொரு கோல். ஆட்டம் முடிய நான்கு நிமிஷம் இருந்தபோதும் அப்படியே இருந்தது. அப்போது பந்து ஷைனுக்கு வந்தது. கிறிசோஸ்தம் கோட்டின் மேலேயே வந்து நின்றார். கத்துவதற்கு வாயைத் திறந்தார். யார் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. ஷைன் ஜெரால்டுக்குத் தட்டினான். ஜெரால்டு பின்னால் தட்டினான். தடுப்பில் நிற்கும் ராபின்சன், பிறந்ததிலிருந்து நடுக்கோட்டைத் தாண்டாதவன், எங்கிருந்தோ ஓடி வந்து ஷைனுக்கே திருப்பிக் கொடுத்தான். கோல்.

கிறிசோஸ்தம் அப்போதும் வாயை மூடவில்லை. மூடியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் பெர்க்மான்ஸ் ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்தான்.

"சார், என் இடத்துல யார நிறுத்துனிய? ஆட்டம் முழுக்கத் தேடுனேன். யாரப் பிடிக்கணும்னே எனக்குத் தெரியல்ல."

"உன்ன அங்கேருந்து கூட்டிட்டுப் போன பொஞ்சாதியக் கேளு" என்றார் கிறிசோஸ்தம். சந்தோஷத்தில் அவன் முதுகில் நாலு அறை விட்டார்.

ஒரு வாரம் கழித்து இறுதி ஆட்டம். கமிட்டிக்காரர்கள் திருவனந்தபுரப் பேச்சையே எடுக்கவில்லை. இறுதிக்கு முந்தின நாள் சாயங்காலம், டீச்சர் மைதானத்துக்கு வந்தார். பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை. காலை எட்டு மணியிலிருந்து வெயிலில் நின்று விசில் ஊதிவிட்டு நேராக வருகிறார்.

கிறிசோஸ்தம் முன்பே வந்து காத்திருந்தார். ஸ்கூட்டரில் நாற்காலி இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். முதுகில் வெள்ளைப் பெயின்டால் எட்டு என்று எழுதியிருந்தார். அது பெர்க்மான்ஸின் பழைய எண். கோயிலில் திருப்பிக் கேட்டதற்கு வேறு நாற்காலி வாங்கிக் கொடுத்துவிட்டார். இதில் யாரும் உட்காரக் கூடாது என்று அணிக்கு உத்தரவு. ஆல்வின் ஒரு நாள் ஈரத் துண்டைப் போட்டதற்குத் திட்டு வாங்கியிருந்தான்.

அதை இரண்டு கையாலும் இறக்கி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், ஜெரால்டா ஷைனான்னு நான் இனி கேக்க மாட்டேன்."

"நல்லது."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு ஆட்டத்துல இத எங்க போடணும்? நடுக்கோட்டுக்கு நேராவா? இல்ல, நம்ம கோலுக்குப் பின்னால போட்டா ராசியா இருக்குமா?"

டீச்சர் நாற்காலியைப் பார்த்தார். முதுகில் இருந்த எட்டைப் பார்த்தார். பிறகு கிறிசோஸ்தத்தைப் பார்த்தார்.

"இப்படி என் பக்கத்துல போடுங்கண்ணே. காலைல இருந்து நிக்கேன், கால் கடுக்குது."