இருநூற்றுப் பன்னிரண்டாம் கோரிக்கை

"பதினோரு வேலை என் பேர்ல இருக்குதுங்க. எனக்குச் சாவி இல்லை. ஒரு வேலைகூட இல்லாத ரெஜினாவுக்குச் சாவி குடுத்திருக்கீங்க. இது என்னங்க நியாயம்?"

நாச்சிமுத்து கேட்டே விட்டார். உடுமலைப்பேட்டையில், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே இருந்த அந்த மாடி அறைக்கு அவர் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்ததே இதைக் கேட்கத்தான்.

கேட்கப்பட்டவர் அவருடைய குரு மரகதமணி.

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடாதீர்கள். இந்தக் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. நாச்சிமுத்து இருபத்தைந்து வருஷம் பெரிய கம்பெனியில் மென்பொருள் எழுதிக் கொட்டியவர். வேலையை விட்டபிறகு, இனிமேலாவது நாலு பேருக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதலாம் என்று மரகதமணியிடம் வந்து சேர்ந்தார்.

மரகதமணி பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பலகையை. ஆணி அடித்து மாட்டுகிற பலகை இல்லை, இணையத்தில் இருப்பது. தமிழுக்கு இன்ன லைப்ரரி வேண்டும், இன்னும் யாரும் எழுதவில்லை என்று யாருக்குத் தோன்றினாலும் அதில் ஒரு கோரிக்கை போடலாம்.

லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய இடம் என்று நினைத்துவிடப் போகிறீர்கள். ஒருவர் அரைத்து வைத்த மாவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். செயலி செய்கிற யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்து ஊற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் கீழே ஒரு கட்டம் உண்டு. 'நான் செய்கிறேன்' என்பவர் அதில் தன் பெயரைப் போட வேண்டும். ஒரே வேலையை இரண்டு பேர் செய்து ஒருவர் உழைப்பு வீணாகக் கூடாதே என்று வைத்த ஏற்பாடு அது. பலகையை நிர்வாகம் செய்யும் உரிமைக்குத்தான் அவர்களுக்குள் சாவி என்று பெயர்.

தூத்துக்குடி ரெஜினா புதிதாக வந்த கோரிக்கைகளைப் படித்து ஒழுங்குபடுத்துவதோடு சரி, எந்தக் கட்டத்திலும் பெயர் போட்டதில்லை. அவருக்குச் சாவி கிடைத்தது நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

மரகதமணி இருநூற்றுப் பன்னிரண்டாம் கோரிக்கையைத் திறந்து மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

எழுதியிருந்தவர் தாராபுரம் கண்ணம்மாள். ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர், தனியாக இருப்பவர், பார்வை போய் நாலு வருஷம். கைபேசியிடம் பேசிப் பேசியே அதை எழுதியிருந்தார்.

டாக்டர் சீட்டில் 1-0-1 என்று போட்டால் காலையில் ஒன்று, மதியம் கிடையாது, ராத்திரி ஒன்று. கண் தெரிகிறவர்கள் பார்த்த உடனே புரிந்துகொள்வார்கள். கண்ணம்மாளின் கைபேசியோ அதை 'ஒன்று கோடு பூஜ்யம் கோடு ஒன்று' என்று ஒப்பித்தது. நாலு மாத்திரைக்கு நாலு விதமாகக் கோடும் பூஜ்யமும் காதில் விழுந்தால் மனுஷி எதை எப்போது விழுங்குவது? இதை ஒழுங்காக வாசிக்க யாராவது ஒரு லைப்ரரி எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்.

கட்டத்தில் நாச்சிமுத்துவின் பெயர் இருந்தது. போட்டுப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

"இதைச் சும்மா விட்டுடலீங்க," என்றார் நாச்சிமுத்து. அரை மாத்திரை, கால் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், வாரம் ஒன்று, கண் சொட்டு, காது சொட்டு எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டாயிற்றாம். நூறு பக்கம் தாண்டிவிட்டதாம். அது ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு இந்த விஷயத்தில் இன்னொருத்தர் கைவைக்கவே வேண்டியிருக்காதாம்.

மரகதமணி திரையைக் கீழே தள்ளினார்.

மாதம் ஒரு தடவை கண்ணம்மாள் கேட்டிருந்தார், ஏதாவது ஆச்சுங்களா என்று. மாதம் ஒரு தடவை நாச்சிமுத்து பதில் போட்டிருந்தார், சீக்கிரம் வந்துவிடும் என்று.

எட்டாம் மாதம் கண்ணம்மாள் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார். சர்க்கரை மாத்திரையை மதியமும் போட்டுவிட்டு மயங்கி விழுந்தாராம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துத் தூக்கிப் போனதால் பிழைத்தாராம். அதற்கும் நாச்சிமுத்து பதில் எழுதியிருந்தார். மிகவும் வருந்துவதாகவும், தன் திட்டத்தில் இப்படிப்பட்ட குழப்பத்துக்கே இடமில்லை என்றும்.

இப்போது மறுபடி படித்தபோதும் அவருக்கு உறைக்கவில்லை. தன் திட்டத்தின் மேல் மனுஷனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மரகதமணி ஒரு தாளில் ஐந்து பெயரும் ஐந்து நம்பரும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கோரிக்கையில் என்ன நடந்தாலும் தங்களுக்குத் தெரிவிக்கும்படி குறித்துவிட்டு, ஒரு வரிகூட எழுதாமல் போனவர்கள் அவர்கள்.

"ஏன் போனாங்கன்னு கேட்டுட்டு வாங்க சார்."

அவ்வளவுதான். டீ வந்தது, குடித்தார்கள், நாச்சிமுத்து கிளம்பிவிட்டார்.

சாவிக்கு முன்னால் ஒரு பரீட்சை வைக்கிறார் போல என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டார். பரீட்சை என்றால் அவருக்குப் பயம் கிடையாது. மறுநாள் காலையிலேயே போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

முதல் ஆளுக்கு அப்படி ஒரு கோரிக்கை இருந்ததே மறந்துபோயிருந்தது. இரண்டாவது ஆள் துபாய் போய்விட்டார். மூன்றாவது ஆள், உங்களை மாதிரிப் பெரியவர் எடுத்த பிறகு எனக்கு அங்கே என்ன வேலை என்று வேறு கோரிக்கையைப் பார்க்கப் போனதாகச் சொன்னார். அது நாச்சிமுத்துவுக்குப் பிடித்திருந்தது. அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

நாலாவது, தென்காசி இசக்கியம்மாள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர்.

"அதுவா? அது அப்பவே எழுதி முடிச்சாச்சே சார்," என்றார் இசக்கியம்மாள்.

எப்போது என்று கேட்டார் நாச்சிமுத்து.

"அந்தம்மா கேட்ட வாரமே. எங்க அப்பாவுக்கும் கண்ணு தெரியாது, அதான் உட்கார்ந்துட்டேன். ரெண்டு நாள் வேலை சார். பெரிசா ஒண்ணும் இல்ல, ஒண்ணு பூஜ்யம் ஒண்ணை மட்டும் ஒழுங்கா வாசிக்கும். பலகையில போடலாம்னு வந்தேன். உங்க பேரு இருந்துச்சு. நீங்க செய்யும்போது நான் குறுக்க வந்து போட்டா மரியாதையா இருக்காதுல்லா?"



ஒரு வருஷத்துக்கு மேலாக அப்பா யார் துணையும் இல்லாமல் தானே மாத்திரை எடுத்துக்கொள்கிறார், ஒரு வேளைகூடத் தப்பவில்லை என்று இசக்கியம்மாள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். நாச்சிமுத்துவின் மனசு தாராபுரத்தில் நின்றுவிட்டது. எட்டாம் மாதம் கண்ணம்மாள் தரையில் கிடந்தபோது, அவர் கேட்டது தென்காசியில் செய்து முடித்துத் தயாராக இருந்திருக்கிறது. அவரிடம் போகாமல் இருந்ததற்குக் காரணம், தான் போட்டுவிட்டு வந்த ஒரு பெயர். அவருக்கு அவமானம் தாங்கவில்லை. கண் கலங்கியது.

இப்போதே அதைப் பலகையில் போடச் சொன்னார்.

"உங்க பேரு இருக்கே சார்," என்றார் இசக்கியம்மாள்.

போனைக் காதோடு இடுக்கிக்கொண்டு, கட்டத்திலிருந்த தன் பெயரை எடுத்தார். எடுக்க இரண்டு விநாடிகூட ஆகவில்லை. ஐந்தாவது ஆளை அவர் கூப்பிடவே இல்லை.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் மற்றப் பத்துக் கோரிக்கைகளையும் திறந்து பார்த்தார். ஒன்று முக்கால்வாசி முடிந்திருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டு ஒன்பதிலிருந்தும் பெயரை எடுத்தார். சாயங்காலத்துக்குள் இரண்டில் வேறு ஆட்கள் பெயர் போட்டார்கள். அதில் ஒருவர், ரொம்ப நாளாகக் காத்திருந்தேன் என்று ஒரு வரியும் எழுதியிருந்தார்.

மூன்றாம் நாள், கண்ணம்மாள் வைத்திருந்த வாசிப்புச் செயலிக்காரர்கள் இசக்கியம்மாளின் லைப்ரரியை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

நாலாம் நாள் நாச்சிமுத்து உடுமலைப்பேட்டை மாடி ஏறினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மரகதமணி கேட்டு முடித்ததும் கைபேசியில் ஒரு நம்பரைப் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"கண்ணம்மாங்க. நீங்களே பேசுங்க."

பெயரைச் சொன்னதும் மறுமுனையில் கண்ணம்மாளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. காலையில் கைபேசி, காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று என்று கணீரென்று சொன்னதாம். நம்பாமல் நாலு தடவை வாசிக்கவிட்டுக் கேட்டாராம். ராகம் போட்டுப் பாடிக்கூடப் பார்த்தாராம். 

"பதினாலு மாசம் எனக்காகப் பாடுபட்டிருக்கீங்க. நீங்க நல்லா இருக்கோணும் சார்."

சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். மரகதமணிகூட மடிக்கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாச்சிமுத்து வைக்கவில்லை.

"நான் பாடுபடலீங்கம்மா. தென்காசியில இசக்கியம்மாள்னு ஒருத்தங்க, நீங்க கேட்ட வாரமே செஞ்சு வெச்சிருந்தாங்க. என் பேரைப் பார்த்துட்டுப் போடாம இருந்துட்டாங்க. நீங்க விழுந்ததுக்கு நானும் ஒரு காரணமுங்க."

 கீழே கடையில் மோட்டார் ஓட்டிப் பார்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. மரகதமணி பலகையின் நிர்வாகிகள் பட்டியலைத் திறந்து, கடைசியில் நாச்சிமுத்துவின் பெயரைச் சேர்த்தார். நாச்சிமுத்து அதைக் கவனிக்கவில்லை.

"சொல்லாமயும் இருந்திருக்கலாம், சொல்லிட்டீங்க," என்றார் கண்ணம்மாள் கடைசியில். கோபம் இருந்ததா இல்லையா என்று குரலில் பிடிபடவில்லை. பிறகு, அடுத்த வாரத்திலிருந்து டாக்டர் தனக்கு அரை மாத்திரைக்கு மாற்றப் போவதாகச் சொன்னார். புதிதாக வந்திருக்கிற இதற்கு அரை மாத்திரை வாசிக்கத் தெரியவில்லையாமே.

"அதை நீங்க எடுத்துக்கறீங்களா சார்?"

அரை மாத்திரை நாச்சிமுத்துவுக்குத் தலைகீழ்ப் பாடம். நூறு பக்கத் திட்டத்தில் அதற்கு மட்டும் பதினேழு பக்கம் எழுதி வைத்திருந்தார்.

"இன்னிக்குச் சாயங்காலமே உட்கார்றேனுங்க," என்றார். "ஆனா கட்டம் காலியா இருக்கட்டும். எனக்கு முந்தி வேற யாராச்சும் செஞ்சுட்டா நல்லதுதானுங்களே."