எதிர்த்தரப்புக்கு வயது நான்கு

"மொத்தம் அஞ்சு அநீதி, டீச்சர்," என்றார் ஐகோர்ட்துரை. "வரிசையாச் சொல்லுதேன்."

வடிவு டீச்சர் பால்வாடித் தரையில் உட்கார்ந்து சத்துமாவு உருட்டிக்கொண்டிருந்தாள். சொல்லுங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"ஒண்ணு. எழுபத்து நாலு. உப்பளத்துல குடிதண்ணிப் பானையை அறைக்குள்ள வச்சுப் பூட்டினான் முதலாளி.

"ரெண்டு. எண்பத்து ஒண்ணு. ஒப்பந்தத்துல முதலாளி புழு நெளிஞ்ச மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டான். மறு வாரம், 'இது என் பேரே இல்ல'ன்னான். அன்னைக்கு நான் ஒரு விதி கொண்டுவந்தேன். இனி எங்க சங்கத்துல எவன் கையெழுத்துப் போட்டாலும், அவன் பேரைச் சாட்சிகள் முன்னால உரக்க வாசிக்கணும். சாட்சிகள் 'கேட்டோம்'னு சொல்லணும். சொல்லாட்டி அந்தக் காகிதம் செல்லாது.

"மூணு. எண்பத்து ஒன்பது. மாநாட்டு மேடையில எல்லாருக்கும் நாற்காலி போட்டானுவ. எனக்கு மட்டும் மேடைப் படிக்கட்டு.

"நாலு. தொண்ணூத்து ஆறு. நோட்டீசு எழுதினது நான். அடியில அச்சான பேரு வேற ஒருத்தன் பேரு.

"அஞ்சு. நேத்து."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நேத்து சாயந்திரம், நான் வாசிக்கும்போது, என் பேத்தி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா."

டீச்சர் ஓர் உருண்டையைப் பிடித்துத் தட்டில் வைத்தாள்.

"பேத்திக்கு நாலு வயசுதான் அண்ணாச்சி."

"காலவரிசைப்படி சொல்லுதேன் டீச்சர். வயசைப் பார்த்து யாருக்கும் சலுகை காட்டுற ஆளில்ல நான்."

ஐகோர்ட்துரை என்பது குலசாமியின் பெயர். மற்றபடி ஐகோர்ட்டு ஒருநாளும் அவர் பக்கம் நின்றதில்லை. உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்கு இருபத்தாறு வருடம் செயலாளர். பள்ளிக்கூட வாசலை மிதித்தவரில்லை. நோட்டீசில் எழுத்துப் படித்தார். நோட்டீசிலேயே உலகத்தையும் படித்தார். சங்கம் அவரை மறந்த பிறகு மகள் சுடர் வீட்டோடு வந்து இருந்தார். பேத்திக்குக் கனல்மொழி என்று பெயர் வைத்தது அவர்தான்.

வருகிற ஜூனில் கனல்மொழி பள்ளிக்கூடம் போக வேண்டும். அதற்கு முன் அவள் வாசிப்பின் ருசியை அறிந்துவிட வேண்டும், அதுவும் தாத்தாவின் வாயால் அறிய வேண்டும் என்பது அவருடைய கடைசிக் கோரிக்கை. முந்தைய கோரிக்கைகள் எல்லாம் பரிசீலனையில் கிடக்கின்றன.

ஆனால் நேற்று சுடர் சொல்லிவிட்டாள்:

"யப்பா, சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். பிள்ள தானாப் புத்தகத்தைத் தூக்கிட்டு உங்க மடிக்கு வரணும். வரலேன்னா வாசிப்பை நிறுத்திருங்க. உங்க காகிதத்தைக் கண்டாலே ஓடிருவா. இப்படியே போனா ஆயுசுக்கும் புத்தகத்தைத் தொட மாட்டா."

தடியடி வாங்கியவர். நூற்று நாற்பத்து நாலை மீறிப் பதினாறு நாள் உள்ளே இருந்தவர். பெற்ற மகள் போட்ட தடையை எப்படி மீறுவது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

"இங்க மட்டும் ஏன் டீச்சர் அவ காதைப் பொத்த மாட்டேங்கா? உங்ககிட்ட என்ன இருக்கு?"

"நீங்க எப்படி வாசிப்பீங்க? வாசிச்சுக் காட்டுங்க."

ஐகோர்ட்துரை எழுந்து நின்றார். பையிலிருந்து எழுபத்தொன்பதாம் வருடத்து நோட்டீசை எடுத்தார். இடது கையை இடுப்பில் ஊன்றினார்.

"உழைக்கும் பெருமக்களே!"

பால்வாடியில் பதினோரு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. பத்து எழுந்தன. மூன்று அழுதன. வாசல் முருங்கையில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

கனல்மொழி மட்டும் எழவில்லை. பழகிப்போய், படுத்தபடியே காதைப் பொத்திக்கொண்டாள்.

"பார்த்தியளா?" என்றார் ஐகோர்ட்துரை.

டீச்சர் கையைக் கழுவினாள். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் புரட்டினார். ஓர் ஆடு பஸ்ஸுக்குக் காத்திருந்தது. அடுத்த பக்கத்தில் ஆடு பஸ்ஸில் ஏறியது. அதற்கடுத்த பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது.

"இதுல ஒரு எழுத்துக்கூட இல்லையே."

"ஆமா."

"அப்ப நான் எதை வாசிக்க?"

"ஆட்டை," என்றாள் டீச்சர்.

*

மறுநாள் வியாழக்கிழமை. பால்வாடி திறந்ததும் வந்துவிட்டார்.

"ஆட்டை வாசிச்சேன் டீச்சர்."

"எப்படி?"

"ஆடு ஏன் பஸ் ஏறுது? மேய்ச்சல் நிலம் போச்சு. மேய்ச்சல் நிலம் ஏன் போச்சு? அதை விளக்க ஆரம்பிச்சேன். நான் முன்னுரையை முடிக்கல, அதுக்குள்ள ஆட்டை ஊருக்கே கொண்டு சேர்த்துட்டா. மூணு பக்கத்தை ஒரே புரட்டு!"

"சரி."

"அது போகட்டும். பொறுத்துக்கிட்டேன். அடுத்து நடந்தது மோசடி டீச்சர், பச்சை மோசடி. என் நோட்டீசை எடுத்தா. தலைகீழாப் பிடிச்சா. விரலை வரிக்கு வரி ஓட்டி வாசிக்கா: 'உழைக்கும் பெருமக்களே, ஆடு பஸ்ஸுல ஏறிருச்சு.'"

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க. ஒரு எழுத்துத் தெரியாது. வாசிக்கிற மாதிரி நடிக்கா. இந்த வயசுலயே பித்தலாட்டம்."

டீச்சர் முந்தானையை இறக்கினாள். பிறகு கேட்டாள்:

"நீங்க முதல்முதல்ல நோட்டீசு வாசிச்சது எப்ப அண்ணாச்சி?"

அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"எழுபத்து நாலு. தண்ணிப் பானைப் போராட்டம். எனக்குப் பதினெட்டு வயசு. உப்பு அம்பாரம் மேல ஏறி நின்னு, இருநூறு பேர் முன்னால வாசிச்சேன்."

"அப்ப உங்களுக்கு எழுத்துத் தெரியுமா?"

ஐம்பது வருடமாக அவரைப் போலீஸ் விசாரித்திருக்கிறது, வக்கீல் குறுக்கு விசாரணை செய்திருக்கிறான், சொந்தச் சங்கம் விசாரணைக் குழு போட்டிருக்கிறது. இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

"தெரியாது," என்றார்.

வெளியே ஆடு கத்தியது.

"ஒரு தோழர் மூணு தடவை வாசிச்சுக் காட்டினார். பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன். அப்படியே மனசுல வாங்கிட்டேன். காகிதத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு முழங்கினேன். பிற்பாடு அந்த நோட்டீசை வச்சுத்தான் எழுத்தையே கண்டுபிடிச்சேன். எந்த இடத்துல என்ன வரும்னுதான் மனப்பாடமாத் தெரியுமே."

"அன்னைக்கு நோட்டீசை நேராத்தான் பிடிச்சிருந்தியளா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"முன்வரிசையில ஒருத்தி சிரிச்சா," என்றார். "பிறகு அவளையே கட்டிக்கிட்டேன்."

டீச்சர் பிள்ளைகளுக்குப் பிடித்து வைத்த உருண்டைகளில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

*

சனிக்கிழமை மதியம். பிள்ளைகளைக் கூட்டிப்போக நான்கு தாய்மார் வந்து வாசலில் நின்றார்கள். சுடரும் நின்றாள். இரண்டு நாளாகப் பிள்ளை தாத்தா பக்கமே போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கெடு முடிகிறது.

ஐகோர்ட்துரை ஒரு முழுத்தாளோடு உள்ளே வந்தார்.

"எழுத்து மூலமாவே கொண்டாந்துட்டேன் டீச்சர். கோரிக்கைப் பட்டியல். வாசிக்கும்போது எழுந்து ஓடக்கூடாது. பக்கத்தைத் தன்னிச்சையாப் புரட்டக்கூடாது. காதைப் பொத்தக்கூடாது. மொத்தம் ஒன்பது."

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"பெறுநர்னு போட்டுட்டு இடம் விட்டிருக்கீங்களே. யாருக்கு?"

"பிள்ளைக்குத்தான்."

"உங்க சங்கத்துல கோரிக்கைப் பட்டியலை யாரு யாருக்குக் கொடுப்பாங்க?"

"இது என்ன கேள்வி? தொழிலாளி, நிர்வாகத்துக்கு."

"வாசிக்கிற நேரத்தைக் குறிச்சது யாரு?"

"நான்."

"எதை வாசிக்கணும்னு?"

"நான்தான்."

"நடுவுல எழுந்து போனா?"

"கண்டிச்சேன். ஒழுங்கு நடவடிக்கைன்னு..."



டீச்சர் தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

ஐகோர்ட்துரை சுவரைப் பிடித்தார். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். எதிரே கனல்மொழி, அவர் முகத்துக்கு நேர் முகமாக, ஆட்டுப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். பேத்தியின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் இருந்து அவர் பார்த்ததில்லை. எப்போதும் மேடையிலிருந்தே பார்த்தவர்.

"அட தாயே," என்றார். "நான்லா நிர்வாகம்!"

தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெற்றாக இருந்தது. பேனாவைத் திறந்தார்.

"தோழர், உங்க கோரிக்கை என்ன?"

கனல்மொழி யோசித்தாள்.

"கத்தக்கூடாது."

எழுதினார். "ஏற்கப்பட்டது. அடுத்து?"

"நிக்கக்கூடாது."

"ஏன்?"

"நின்னா மடி இல்ல."

அவர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். பிறகு எழுதினார்.

"பக்கத்தை நான்தான் புரட்டுவேன்."

"ஏற்கப்பட்டது."

"ஆட்டுக் கதை பத்து வாட்டி."

"மூணு."

"பத்து."

"நிர்வாகத்தோட சிரமத்தையும் பார்க்கணும் தோழர். ஆறுன்னு முடிச்சுக்குவோம்."

கனல்மொழி தரையில் உட்கார்ந்தாள். சம்மணம் போட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். அப்புறம் இன்னொருத்தி. பதினொன்றும் உட்கார்ந்துவிட்டன. எதற்காக என்று பத்துப் பேருக்குத் தெரியாது. அவர் பார்த்த எல்லாப் போராட்டத்திலும் அப்படித்தான்.

"இதுகளுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

"ரத்தத்துல வந்தது யப்பா," என்றாள் சுடர் வாசலிலிருந்து.

"பத்து," என்று எழுதினார் ஐகோர்ட்துரை. இவ்வளவு சீக்கிரம் பணிந்த நிர்வாகத்தை அவர் தம் வாழ்நாளில் எதிர்கொண்டதில்லை. அப்படி ஒன்று கிடைத்திருந்தால் எழுபத்து நாலிலேயே எல்லாரும் தண்ணீர் குடித்திருப்பார்கள்.

'நிர்வாகத்துக்காக' என்று எழுதி அதன் கீழ் தம் கையெழுத்தைப் போட்டார். பிறகு பேனாவைப் பேத்தியிடம் நீட்டினார்.

கனல்மொழி நாக்கைக் கடித்துக்கொண்டு தாளின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒன்றை இழுத்தாள். அது நெளிந்தது. வளைந்தது. ஓர் இடத்தில் சுருண்டு, மறுபடி நெளிந்தது.

புழு.

எழுதி முடித்ததும் பேனாவைப் போட்டாள். ஆட்டுப் புத்தகத்தைத் தூக்கினாள். தாத்தாவின் கால்மேல் ஏறி, மடியில் நன்றாக அமர்ந்து, முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"வாசி."

வாசலில் சுடர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"ஒரு நிமிஷம் தோழர்," என்றார் ஐகோர்ட்துரை. "சட்டப்படி முடிக்கணும்."

குழாயடியிலிருந்து டீச்சர் குரல் வந்தது.

"கையெழுத்து விளங்குதா அண்ணாச்சி? இல்ல, செல்லாதுன்னு போட்டுரலாமா?"

"நல்லா விளங்குது," என்றார் அவர். "சாட்சிகள் இங்க பாருங்க."

பத்துப் பிள்ளைகள் பார்த்தன. நான்கு தாய்மார் எட்டிப் பார்த்தார்கள். வழக்கப்படி எழுந்து நிற்கப் போனவர், மடியில் பாரத்தை உணர்ந்து, இரண்டாம் கோரிக்கை நினைவுக்கு வந்து, உட்கார்ந்தார். புழுவின் தலையில் விரலை வைத்தார். வால் வரைக்கும் மெல்ல ஓட்டினார். முதல் கோரிக்கையை மதித்து, தமக்குள் இருப்பதே அவருக்குத் தெரியாத ஒரு மெல்லிய குரலில், பெயரை வாசித்தார்.

"கேக்கல!" என்றார்கள் வாசலில் நின்ற தாய்மார்.

கேட்டோம் என்று சாட்சி சொல்லாவிட்டால் காகிதம் செல்லாது. அது அவர் கொண்டுவந்த விதி.

ஐகோர்ட்துரை குனிந்து பேத்தியின் முகத்தைப் பார்த்தார்.

"தோழர், ஒரே ஒரு தடவை?"

கனல்மொழி யோசித்தாள். நிர்வாகம் கேட்டதும் சட்டென்று சம்மதிக்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினாள்.

"கனல்மொழி!"