ஆலங்கட்டிக்குப் பெயர் வைத்த கதை

முன்னொரு காலத்திலே, மலைகளுக்குக்கூடக் காது கேட்ட காலத்திலே, ஆற்றங்கரையில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் ஆண்கள் எல்லாருக்கும் மாடன் என்று பெயர். பெண்கள் எல்லாருக்கும் காத்தாயி என்று பெயர். அக்கரையில் நின்று ஒருவர் "மாடா!" என்று கூப்பிட்டால் போதும், இக்கரையிலிருந்து ஆறு பரிசல்கள் ஒன்றாகக் கிளம்பி நடு ஆற்றில் முட்டிக்கொள்ளும்.

ஏன் இப்படி என்று கேட்கிறீர்களா? மலைமேல் ஒரு சூனியக்காரன் இருந்தான். உச்சிவெயிலில் இறங்கி வருவான். தெரு நடுவில் நின்று ஒரு பெயரை மூன்று முறை கூப்பிடுவான். அந்தப் பெயர் ஊரில் ஒரே ஒருவருக்கு இருந்தால், அவர் எழுந்து அவன் பின்னால் போயாக வேண்டும். மலையேறிக் கல்லாக நிற்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு அதே பெயர் என்றால், மந்திரம் யார்மேல் இறங்குவது என்று தெரியாமல் காற்றோடு போய்விடும். அதனால்தான் மாடன்கள். அதனால்தான் காத்தாயிகள்.

அந்த மாடன்களில் ஒருவன் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தான். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த நேரத்தில் வானம் கிழிந்தது போலக் கல்மழை கொட்டியது.

"இவளுக்கு ஆலங்கட்டின்னு பேரு வெக்கணும்" என்றாள் மனைவி.

"ஊரு சிரிக்குமே."

"சிரிக்கட்டும்."

"சூனியக்காரன் வருவானே."

"வரட்டும்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. அதுக்காக? இந்த ஊர்ல நான் எத்தனாவது காத்தாயின்னு எனக்கே தெரியாது. நீ வாசல்ல நின்னு கூப்பிட்டா, நான் வர்றதுக்கு முன்னால எதிர்வீட்டுக்காரி வர்றா. என் பொண்ணைக் கூப்பிட்டா என் பொண்ணுதான் திரும்பிப் பாக்கணும்."

பெயர் வைக்கும் நாள் வந்தது. குழந்தையின் அத்தை அதன் காதில் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். சொன்னால் பெயர் ஒட்டிக்கொள்ளும். அதுதான் அந்த ஊர் வழக்கம். மாடனின் அக்கா வந்தாள். பெயரைக் கேட்டாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"ஏன்டா, பேராடா அது? கையில வெச்சா கரைஞ்சு போறதையா பேரா வெப்பாங்க? நம்ம தம்பிக்கு அப்பா ஆசை ஆசையா கடம்பன்னு வெச்சாரே, என்ன ஆச்சு? மலையில கல்லா நிக்கிறான். காத்தாயின்னு வை, இப்பவே சொல்லிட்டுப் போறேன். இல்லேன்னா என் வாயால ஒரு வார்த்தை வராது."

அவள் போய்விட்டாள். மாடன் தொட்டிலருகே உட்கார்ந்து யோசித்தான். அக்கா சொல்வது சரிதானோ? மனைவியின் பிடிவாதத்துக்குக் குழந்தையைப் பலி கொடுக்கிறேனோ? ஆனால் கடம்பன் தெருவில் நடந்து போன அன்று ஒரு வீட்டுக் கதவுகூடத் திறந்திருக்கவில்லை. தங்கள் சொந்த வீட்டுக் கதவும்தான். அவனைக் கொண்டுபோனது பெயரா, சாத்திய கதவுகளா?

அவன் குனிந்தான். குழந்தையின் காதில் தானே சொன்னான்: "ஆலங்கட்டி. ஆலங்கட்டி. ஆலங்கட்டி."

மறுநாள் உச்சிவெயிலில் சூனியக்காரன் வந்துவிட்டான். தெருவில் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன.

"ஆலங்கட்டி!" என்று கூப்பிட்டான். மரத்தொட்டில் தானாக நகர்ந்து வாசலுக்கு வந்தது.

"ஆலங்கட்டி!" என்றான் மறுபடியும். தொட்டில் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. ஒரு பக்கம் மாடன் இழுத்தான், மறுபக்கம் மனைவி இழுத்தாள். இருவரையும் புழுதியில் தேய்த்துக்கொண்டு அது போயிற்று.

"வேற பேரு வை, விட்டுடறேன்" என்று சிரித்தான் சூனியக்காரன். "காத்தாயின்னு வை."

மாடனுக்கு நாக்கு நுனிவரை அந்தப் பெயர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். "வெக்க மாட்டேன். எங்க பேரையெல்லாம் கூப்பிடறியே, உன் பேரு என்னடா?"

"எனக்கு ஏதுடா பேரு? பேரு இல்லாதவனை யாரும் கூப்பிட முடியாது. கூப்பிட முடியாதவனை யாரும் தடுக்க முடியாது." மூன்றாவது முறை கூப்பிட அவன் வாயைத் திறந்தான்.

ஒரு கதவு திறந்தது. அக்கா மாவுக் கையோடு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் சூனியக்காரனின் காதைப் பிடித்து முறுக்கினாள்.

"பேரு இல்லையா? பாவம், உனக்கு அத்தை இல்லை போலிருக்கு. நான் வெக்கிறேன்டா! மாடன்! மாடன்! மாடன்!"

அவ்வளவுதான். அடைத்த கதவுகளுக்குப் பின்னாலிருந்து ஊரிலுள்ள அத்தனை மாடன்களும் "என்ன?" என்றார்கள். சூனியக்காரனும் தன்னையறியாமல் "என்ன?" என்றான்.

பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் அவசரமாக "ஆலங்கட்டி!" என்று கூவிப் பார்த்தான். தொட்டில் அசையவில்லை. மேய்ந்துகொண்டிருந்த கோழிகூடத் தலையைத் திருப்பவில்லை. பெயர் வந்ததும் மந்திரம் போய், அவனும் ஊரில் இன்னொரு மாடன் ஆகிவிட்டான்.

மலைமேல் கற்கள் உடம்பை உதறின. ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். "நான் வெண்ணிலவு." "நான் ஊமத்தை." "நான் எட்டிப்பார்த்தான்." ஊர் வாய் பிளந்து கேட்டது. போன அன்றிருந்த அதே வயதோடு கடம்பனும் வந்து, நரைத்துப்போன அக்காவைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றான். அவள் அழுதாள், திட்டினாள், மாவுக் கையாலேயே கட்டிக்கொண்டாள்.

அதன்பிறகு ஊரில் பலர் புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சிலர், "எனக்கு மாடனே நல்லாத்தான் இருக்கு" என்று இருந்துவிட்டார்கள். யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை.

குழந்தை வளர்ந்தாள், பேசக் கற்றாள். ஒருநாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு இந்தப் பேரு பிடிக்கலை."

மாடனுக்குச் சுருக்கென்றது. இந்தப் பெயருக்காகவா புழுதியில் உருண்டேன்? மனைவியைப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அவனுக்கும் புரிந்தது, இது அம்மாவின் பிடிவாதமேதான் என்று. அவனுக்கும் சிரிப்பு வந்தது.

"சரிம்மா. என்ன பேரு வேணும்?"

"இன்னும் யோசிக்கலை. நானே யோசிச்சு, நானே வெச்சுக்குவேன். யாரும் சொல்லித்தர வேண்டாம்."

"அதுவரைக்கும் உன்னை எப்படிக் கூப்பிடறது?"

அவள் ஒரு கூழாங்கல்லை எடுத்து ஆற்றில் எறிந்தாள்.

"ஆலங்கட்டின்னே கூப்பிடு. ஆனா வர்றதும் வராததும் என் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடினாள்.

அவள் நன்றாயிருந்தாள், அவர்களும் நன்றாயிருந்தார்கள். கதை கேட்ட நீங்களும் உங்கள் பெயரோடு நன்றாயிருங்கள்.