குன்றிமணி மை பூசிக்கொண்ட கதை

கல்லும் விதையும் வாய்விட்டுப் பேசிய காலம் அது. அப்போது குன்றிமணியின் மேல் பொட்டுக் கருப்புக்கூடக் கிடையாது. உச்சி முதல் அடி வரை ஒரே சிவப்பு. ஆசாரியின் தராசில் பொன்னுக்கு எடையாகக் கிடந்தாலும், அதன் ஆசையெல்லாம் அம்மன் கழுத்தில் ஒரு நாளாவது இருந்துவிட வேண்டும் என்பதுதான்.

அந்த ஊர் அம்மனுக்கு நவராத்திரியில் ஒன்பது நாளும் ஒன்பது நிறம். மனம் குளிர வெள்ளைப் பட்டும் முத்து மாலையும், பயிர் செழிக்கப் பச்சைப் பட்டும் மரகதப் பதக்கமும் என்று நிறத்துக்கேற்ற நகை சோடி சேர்ந்திருக்கும். எட்டாம் நாள் மகிஷனோடு போர். வீரத்துக்குச் சிவப்புப் பட்டு, சிவப்புக்குக் கெம்பு அட்டிகை. அந்த அழகைச் சொல்ல எனக்கு ஒரு வாய் போதாது.

ஒரு வருஷம் எட்டாம் நாள் காலையில், அட்டிகையைத் துடைத்துக்கொண்டிருந்த இசக்கி ஆசாரியின் கை தவறி, நடுக்கல் விழுந்து இரண்டாகப் போனது. மாலைக்குள் வேறு கல்லுக்கு எங்கே போவார்?

“அய்யா, அந்தக் குழியில என்னை வச்சிப் பாருங்க” என்றது குன்றிமணி.

“நீ விதைல்லா?”

“சிவப்புதான?”

வைத்தார். எது கல், எது விதை என்று அவருக்கே தெரியவில்லை.

மாலையில் திரை விலகியது. பட்டும் அட்டிகையும் செவ்வரளி மாலையும் ஒரே சிவப்பாய் ஜொலித்தன. கூட்டம் கண் கொட்டாமல் பார்த்தது. பார்க்கப் பார்க்க அரளி வாடித் தொங்கியது. அம்மன் கைச் சூலமும் சாய்ந்தது.

“கண்ணு பட்டுட்டு! இப்படியே போருக்குப் போனா ஆத்தாளுக்கு ஆகாது” என்று பதறினாள் அலங்காரம் செய்கிற பேராச்சி. “மைப்பொட்டு வைக்கணும். கருப்பை எங்க வைக்க?”

அம்மன் மேனியில் கருப்பு படக்கூடாது என்பது ஊர் வழக்கம். நகையில் வைக்கலாம் என்றாலோ, கெம்புகள் கத்தின: “எங்க மேல வேண்டாம்! நெறம் கெட்டா கழத்திப் போட்டுருவாங்க!”

குன்றிமணிக்கும் அது தெரியும். ஏங்கி ஏங்கிக் கிடைத்த இடம். ஆனாலும், “என் மேல வையுங்கக்கா” என்றது.

பேராச்சி விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பொட்டு வைத்தாள். சாய்ந்த சூலம் நிமிர்ந்தது. அம்மன் போய் மகிஷனை வென்று வந்தாள்.

மறுநாள், சோடி சேராத மணியைக் கழற்ற ஆசாரி குறடோடு வந்தார். குன்றிமணிக்கு அழுகை முட்டியது.

“அதை எங்க கொண்டு போற ஆசாரி?” என்று கேட்டாள் அம்மன்.

“தராசுக்குத்தான் தாயே. நெறம் ஒத்து வரலை.”

“மத்ததெல்லாம் எனக்கு அழகுக்கு இருந்துச்சு. இவ ஒருத்திதான் காவலுக்கு இருந்தா. எம்மவன் பிள்ளையாரை வருஷா வருஷம் களிமண்ணுல செஞ்சிட்டு, கண்ணுக்கு எதை வைக்கன்னு தெரியாம நிக்கிய. இனிமே இவதான் அவனுக்குக் கண்ணு.”

குன்றிமணியின் மைப்பொட்டு அன்றைக்கு நிலைத்ததுதான், இன்னும் அழியவில்லை. ஆவணியில் எந்த வீட்டுக் களிமண் பிள்ளையாரின் முன் நின்றாலும், சிவப்பும் கருப்புமாக அவள்தான் நம்மைப் பார்க்கிறாள்.