ஒட்டுவாரொட்டியா, ஐயா?

இதை எனக்கு முதலில் சொன்னது, எங்கள் கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கும் சூசையம்மாள், போன தவக்காலத்தில்.

கருவாடு விற்கும் அமலோற்பவத்தின் மகள் பிரின்சி வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று, பள்ளியிலிருந்து தாயையும் மகளையும் மனநலம் பார்க்கும் பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் வெளிநாட்டுக் கேள்விகளை அப்படியே தமிழாக்கி வைத்திருந்தார்.

"இல்லாத ஆளோட பேசுவியா?"

"கல்லறைக்குப் போனா அப்பாகிட்ட பேசுவேன்."

டாக்டர் நிமிர்ந்து தாயைப் பார்த்தார். "இது நோய்தான். இல்லைன்னு உங்களால காட்ட முடியுமா? முடியாட்டி சிறப்புப் பள்ளிக்கு எழுதிடுவேன்."

வந்ததிலிருந்தே அவரைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்த அமலோற்பவம் மெல்லக் கேட்டாள். "இது ஒட்டுவாரொட்டியா, ஐயா?"

"இல்லையே. ஏன்?"

"நாங்க உள்ள வரும்போது, மாலை போட்ட அந்தப் படத்துகிட்ட 'அப்பா, வேலையைத் தொடங்குறேன்'னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. எம்மக வர்றதுக்கு முந்தியே உங்களுக்கு வந்துருச்சோன்னு பயந்துட்டேன்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, "அப்பாகிட்ட என்னம்மா பேசுவே?" என்றார். அன்றைக்குப் பிரின்சி நிறுத்தாமல் பேசினாளாம்.

உங்கள் பிள்ளையிடம் யாராவது இப்படிக் கேள்வி கேட்க வந்தால், தயவுசெய்து பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.